ஓட்டு ஊரில், வீடு இங்கே

தாம்பரத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் வேறொரு ஊரின் பெயர் வந்துவிடும். ஆட்டோக்காரர் செய்யாறு பக்கம். இட்லிக் கடை அக்கா திண்டிவனம் தாண்டி. மருந்துக் கடைக்காரர் கும்பகோணம். முப்பது வருடமாக இங்கேயே இருப்பவர்கள்கூட "வீடு இங்க, ஊர் அது" என்றுதான் சொல்வார்கள். "ஓட்டு எங்க இருக்கு?" என்று அடுத்துக் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியோடு பரங்கிமலையில் தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கி, நடுவில் கிழக்கே கடற்கரைவரை வளைந்து, கிளாம்பாக்கத்தில் முடிகிற ஒரு சுற்றுப் போனேன். 2025 டிசம்பர் கடைசி. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகான வரைவு வாக்காளர் பட்டியல் 19-ஆம் தேதி வெளியாகி, தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை என்று தெரிந்திருந்த நேரம்.

அமெரிக்காவும் கூடவே வந்தது. தெற்குப் புறநகரில் தெருவுக்கு நாலு வீட்டில் ஒரு பிள்ளையாவது அங்கே இருப்பதால், டிரம்ப் பற்றிய கவலை இங்கே தண்ணீர் லாரி பற்றிய கவலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் இன்று மெட்ரோவும் பறக்கும் ரயிலுக்கான தூண்களும்தான் கண்ணில் படும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. அரசியலில் இந்த இடத்துக்கு வேறொரு வரலாறு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த எம்.ஜி.ஆர்., பரங்கிமலைத் தொகுதியின் திமுக வேட்பாளர். அவருக்குப் பதிலாகக் கட்டுப்போட்ட கழுத்தோடு கைகூப்பி நிற்கும் சுவரொட்டி வீடு வீடாகப் போனது. ஜெயித்தார், கட்சியும் ஆட்சியைப் பிடித்தது. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் டிரம்பின் காதை உரசிக்கொண்டு குண்டு போய், ரத்தம் வழிய அவர் முஷ்டியை உயர்த்திய படம் உலகம் சுற்றியபோது, நிபுணர்கள் இது தேர்தலை என்ன செய்யும் என்று நாள் கணக்கில் விவாதித்தார்கள். பரங்கிமலைப் பெரியவர்கள் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

ஆனால் இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்த கதை சாக்கடை பற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் ஆலந்தூர் தனி நகராட்சி. ஒன்றரை லட்சம் பேர் அளவுக்கு மக்கள், பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி, லாரி வராவிட்டால் தெரு. அப்போது நகராட்சித் தலைவராக இருந்த திமுகவின் ஆர்.எஸ்.பாரதி, அரசு பணம் தரும்வரை காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் கேட்டார். அந்தக் காலத்து 5,000 சின்னத் தொகை இல்லை. தெருத் தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசி, ஒப்பந்தம் எப்படி, குழாய் எந்தத் தெருவில் முதலில், கழிவு எங்கே போகும் என்று பதில் சொல்லித்தான் வாங்க முடிந்தது. குழாய் பதித்து, பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, 2000-களின் தொடக்கத்தில் வேலை முடிந்தது. நகர நிர்வாகம் பற்றிய ஆய்வுகளில் ஆலந்தூர் இன்றும் உதாரணம்.

அந்தத் திட்டத்துக்கு ஆலோசனை தந்தவர்களில் ஒருவர் யுஎஸ்எய்ட், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம். மக்களிடம் போய்க் கணக்குச் சொல்லிக் காசு கேள் என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன நிறுவனம் அது. 2025-இல் டிரம்பின் புது அரசு வந்த சில வாரங்களிலேயே அதன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஜூலை 1-க்குப் பிறகு தனி நிறுவனமாக அது இல்லை. அதை மூடச் சொல்லி அமெரிக்க காங்கிரஸ் எந்தச் சட்டமும் நிறைவேற்றவில்லை. ஆலந்தூரில் ஒரு சாக்கடைக் குழாய்க்குத் தெருவாசிகளின் சம்மதம் வாங்கச் சொன்னவர்கள், தங்கள் ஊரில் யாருடைய சம்மதமும் கேட்காமல் மூடப்பட்டார்கள்.

நாம் சிரிப்பதற்கு முன் ஆலந்தூர் என்ன ஆனது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2011-இல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இன்று அது 12-ஆவது மண்டலம். பாரதி உட்கார்ந்திருந்த நாற்காலியே கிடையாது. டீக்கடையில் நின்றிருந்த ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்பல்லாம் சேர்மன் வூட்டு முன்னாடி போய்க் கத்துவோம் சார். இப்ப ரிப்பன் பில்டிங்குக்குப் போன் பண்ணி ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கோம்" என்றார்.

மீனம்பாக்கத்தைக் கடக்கும்போது சேஷன் நினைவுக்கு வந்தே தீருவார். 1994-இல், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என்.சேஷனின் வாழ்க்கையைப் பற்றிய நூலில் அண்ணாவைக் குறித்து வந்த ஒரு கருத்துக்காக, அன்றைய ஆளுங்கட்சியான அதிமுகவினர் அவரை இந்த விமான நிலையத்தில்தான் முற்றுகையிட்டார்கள். இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி, கிழக்குத் தாம்பரத்தில் காடுபோல மரம் அடர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி. சேஷன் இயற்பியல் படித்தது அங்கே. படித்து முடித்துக் கொஞ்ச காலம் அங்கேயே பாடமும் எடுத்தார். பிறகு ஐ.ஏ.எஸ்., பிறகு ஹார்வர்டில் பொது நிர்வாகப் படிப்பு. 1990 டிசம்பரிலிருந்து ஆறு வருடம் அவர் செய்தது புதுச் சட்டம் எதையும் கொண்டுவந்தது அல்ல. புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த விதிகளைப் படித்துக்காட்டி, நடத்து என்றார். நடத்தாவிட்டால் தேர்தலைத் தள்ளிவைத்தார். சுவரெல்லாம் சின்னம் வரைவது குறைந்ததும், வேட்பாளர்கள் செலவுக் கணக்கு எழுதத் தொடங்கியதும் அவர் காலத்தில்.

வாக்காளர் அடையாள அட்டை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது 1993-இல். அதே வருடம் அமெரிக்காவில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவரிடம் அங்கேயே வாக்காளராகவும் பதிந்துகொள்கிறீர்களா என்று கேட்கச் சொன்னது. அங்கே பட்டியலில் பெயரைச் சேர்ப்பது பெரும்பாலும் வாக்காளர் வேலை. இங்கே அரசாங்கம் வீடு தேடி வரவேண்டும் என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைப் பார்க்கத்தான் தாம்பரத்தில் இறங்கினேன். (தேர்தலை இத்தனை கறாராக நடத்திய சேஷன் தானே நின்ற இரண்டிலும் தோற்றார்: 1997-இல் ஜனாதிபதித் தேர்தல், 1999-இல் காந்திநகரில் அத்வானியிடம். விதிகள் தெரிந்தால் ஓட்டு விழுந்துவிடுமா என்ன.)

பள்ளிக்கூட வகுப்பறையில் சிறப்பு முகாம். குட்டை பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அவருக்குப் பக்கத்தில் கட்சிக்கு ஒருவராக ஏஜென்ட்டுகள். இரண்டு கழகத்தவர்களும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலர் ஒரு அங்கன்வாடி ஊழியர். நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிப் படிவத்தோடு மாடி மாடியாக ஏறியவர். "ஒரு வீட்டுக்கு மூணு தடவை போகணும்னு ரூல் சார். நாங்க போறது பகல்ல. அவங்க எல்லாம் சிறுசேரியில, ஒரகடத்துல வேலையில. பூட்டுதான் இருக்கும். எதிர்வீட்ல கேட்டா, 'அவங்களா, போன வருஷமே காலி பண்ணிட்டாங்களே'ம்பாங்க. வாடகை வீட்டுக்காரங்களை எங்க போய்ப் பிடிக்கிறது?"

செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 28 லட்சம் பெயர்களில் 7 லட்சம் நீங்கின. நாலில் ஒன்று. மாநிலக் கணக்கில் ஏழில் ஒன்றைவிடச் சற்று அதிகம். இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் உண்டு. பெரும்பகுதி, இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். திமுகவும் கூட்டணிக் கட்சிகளும் இந்தத் திருத்தத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. அதிமுகவும் பாஜகவும் ஆதரித்தன. எனக்கு இரண்டு பக்கத்திலும் பாதி நியாயம் தெரிந்தது. பட்டியல் ஊதிப்போயிருந்தது உண்மை. ஒரு ஃபிளாட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்த மூன்று குடும்பங்களின் பெயரும் ஒரே கதவு எண்ணில் கிடந்ததை அந்த அம்மாவே காட்டினார். ஆனால் 2002, 2005 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று கேட்கிற படிவம், இருபது வருடத்தில் ஆறு வீடு மாறியவர்களால் ஆன ஒரு ஊரில் யாரை அதிகம் திணறவைக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சேலையூர்க்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் நியூஜெர்சியில், இப்போது அமெரிக்கப் பிரஜை. அவளுடைய பெயரை நீக்கச் சொல்லித்தான் வந்திருந்தார். "அவளா எடுக்கச் சொன்னா சார். ரெண்டு எடத்துலயும் இருக்கக் கூடாதாம்." 2024 நவம்பரில் அவர் அங்கே இருந்திருக்கிறார். பார்த்ததில் அவரை அசரவைத்தது டிரம்ப்பும் இல்லை, கமலா ஹாரிஸும் இல்லை. அரசாங்க வாக்காளர் பட்டியலிலேயே இவர் இன்ன கட்சி என்று பதிந்திருப்பதுதான். "நம்ம ஊர்ல அப்படி ஒரு காலம் போட்டா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்கோ. ரேஷன் கடையில சர்க்கரை வருமா?" என்று கேட்டு அவரே சிரித்தார். அப்படிக் கட்சி சொல்லிப் பதிகிறவர்கள்தான் அங்கே அந்தக் கட்சியின் வேட்பாளரையே ஓட்டுப்போட்டுத் தேர்வு செய்கிறார்கள். இங்கே விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு தலைமை அறிவிக்கும். முப்பது வருடம் கொடி கட்டியவர் டிவியைப் பார்த்துத்தான் தன் தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டதைத் தெரிந்துகொள்வார்.

பெயர் நீக்கும் தகராறும் அங்கே உண்டு என்று அவரிடம் சொன்னேன். ஓஹியோ மாநிலத்தில் இரண்டு வருடம் ஓட்டுப் போடாதவருக்கு ஒரு கார்டு அனுப்புவார்கள். அதற்குப் பதில் போடாமல் மேலும் நான்கு வருடம் ஓட்டும் போடாவிட்டால் பெயரை அடித்துவிடலாம். 2018-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று இதைச் சரி என்றது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம தாம்பரத்துல பாதி ஊர் காலி" என்றார்.

காலிதான். 2024 மக்களவைத் தேர்தலில் மாநில சராசரி 70 சதவீதத்தைத் தொட்டபோது, தாம்பரம் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் 60-ஐ ஒட்டி நின்றது, பக்கத்துத் தென்சென்னை 54. வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் காரணம், படித்தவன் சோம்பேறி, லீவு கிடைத்தால் மகாபலிபுரம் போய்விடுவான். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் ஓட்டு சாத்தான்குளத்தில். ஒரு தேர்தல் தவறாமல் போட்டிருக்கிறார். போன உள்ளாட்சித் தேர்தலில் பெரியப்பா மகன் நின்றார் என்று கடையை அடைத்துவிட்டே போயிருக்கிறார். "இங்க மாத்திட்டா அங்க எங்க குடும்பத்துக்கு இத்தனை ஓட்டுங்கிற கணக்கு ஒடஞ்சிரும்லா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும்லா. இங்க எவன் நமக்குத் தெரியுதான்?" கடைக்கு முன்னால் மழைநீர் வடிகால் மூடி உடைந்து, ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். அதை யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். இந்த வார்டு கவுன்சிலர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

சட்டம் இதில் தெளிவு. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஓட்டு, ஒரு இடத்தில்தான் ஓட்டு. அண்ணாச்சி சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, காரணம் அவர் இருக்கும் ஊரின் அரசு அவரிடம் நடந்துகொண்ட விதம்.

அந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் ஐந்து வருடம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பும் வந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று ஒரு வழக்கு. போட்டவர் திமுகவின் அமைப்புச் செயலாளர் ஆர்.எஸ்.பாரதி, நாம் ஆலந்தூரில் பார்த்த அதே பாரதி. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு, தேதி நீட்டிப்பு என்று அதிமுக அரசு தள்ளிக்கொண்டே போனது. நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே இல்லை. ஐந்து வருடத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா என்று எல்லாம் வந்துபோயின. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எங்கும் ஒரு கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்தான். வழக்குப் போட்டவர் ஒரு கட்சி, இழுத்தடித்தவர் இன்னொரு கட்சி. அமெரிக்கத் தேர்தலில் ஆயிரம் கோளாறு சொல்லலாம். ஆனால் 1864-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவில்கூட அவர்கள் தேர்தலைத் தள்ளிவைக்கவில்லை.

இதற்கிடையில் 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 70 வார்டு. சிட்லபாக்கத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் பெருங்களத்தூருக்கும் தனித்தனியாக இருந்த மன்றங்கள் கரைந்தன. 2022-இல் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய பாதி. சென்னையில் அதுவும் இல்லை, 43 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. முதல் மேயர் வசந்தகுமாரி, அப்போது 25 வயது. பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பதவி. ஒரு தலித் இளம்பெண் இந்த ஊரின் முதல் மேயர் ஆனது சின்ன விஷயமில்லை. ஆனால் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஊருக்குக் கொடுக்கப்படவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1996-இல் ஸ்டாலின் சென்னை மேயரானது நேரடி ஓட்டில். 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2016-இல் மறைமுகம், 2018-இல் நேரடி, 2019-இல் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். யாருக்கு எப்போது எது வசதியோ அது. தாம்பரத்தில் பிஎல்ஓக்கள் படிவம் கொடுக்கத் தொடங்கிய அதே 2025 நவம்பர் 4 அன்று, நியூயார்க்கில் 34 வயது மம்தானியை மக்கள் நேரடியாக மேயராக்கினார்கள். அவருடைய சொந்தக் கட்சியின் பழைய ஜாம்பவான் கட்சி வேட்பாளர் தேர்தலில் தோற்று, சுயேச்சையாக நின்று மறுபடியும் தோற்றார். அமெரிக்க ஜனநாயகத்துக்குக் காய்ச்சல் என்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நல்லது ஒன்றும் நடந்தது. வார்டுக்குள் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று விதி வந்து, 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். பம்மல் போய் விசாரித்தேன். அந்த நாளை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது.

தாம்பரம் ஸ்டேஷனைப் பற்றி எழுதிவிட்டு அந்த 4 கோடியைச் சொல்லாமல் போக முடியாது. 2024 ஏப்ரல் 6 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று பேரிடம் ரூ.3.99 கோடி ரொக்கம் பிடிபட்டது. திருநெல்வேலி பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரனோடு தொடர்புபடுத்தி வழக்கு பதிவானது, அவர் தன் பணம் இல்லை என்று மறுத்தார். ஓட்டுக்குப் பணம் என்ற விஷயத்தில் எந்தக் கட்சியும் இன்னொரு கட்சியை நோக்கிக் கைநீட்டும் நிலையில் இல்லை. 2009 திருமங்கலம், 2017 ஆர்.கே.நகர், 2019 வேலூர் என்று வரிசை நீளம். அமெரிக்காவில் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. 2024-இல் எலான் மஸ்க்கின் குழு, போட்டி கடுமையான மாநிலங்களில் பதிவுசெய்த வாக்காளர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று கொடுத்தது. நீதிமன்றம் தடுக்கவில்லை. ஒரு நாள் பரிசு, தாம்பரத்தில் பிடிபட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எது மோசம் என்று ரயிலில் எதிர்சீட்டுக்காரரிடம் கேட்டேன். "அங்க ஒருத்தருக்குப் போகுது, இங்க ஊருக்கே பிரிச்சுக் குடுக்குறான்" என்றார் பெருமையோடு.

கிழக்கே திரும்பி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். ஷேர் ஆட்டோவில் போனால் இரண்டு பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பின் மிச்சமும், அதன்மேல் வளர்ந்த அபார்ட்மென்ட்டுகளும். 2008 மறுவரையறையில் உருவான தொகுதி, 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்தது. அப்போது ராஜீவ் காந்தி சாலையில் பாதிக் கட்டடம் கிடையாது. 2021-இல் இங்கே வாக்காளர்கள் ஏறக்குறைய 7 லட்சம், மாநிலத்திலேயே அதிகம். சென்னைத் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மொத்த மக்கள்தொகையே 5.77 லட்சம், குழந்தைகளையும் சேர்த்து. அதற்கு செனட்டில் இரண்டு இடம், நாலு கோடியைத் தொடும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. சோழிங்கநல்லூர்க்காரர் அதைக் கேட்டு வாய் பிளக்க வேண்டியதில்லை.

தொகுதி எல்லை விஷயத்தில் இரண்டு நாடும் எதிரெதிர்த் திசையில் நோயுற்றிருக்கின்றன. 2025-இல் டெக்சாஸ் தன் எல்லைகளைப் பத்து வருடம் காத்திருக்காமல் நடுவிலேயே ஆளுங்கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரைந்தது. பதிலுக்குக் கலிபோர்னியா மக்களிடம் ஓட்டுக் கேட்டு எதிர்ப்பக்கம் சாய்த்து வரைந்தது. நாமோ தொடவே பயப்படுகிறோம். மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களைப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த தமிழ்நாடு நஷ்டப்படும் என்ற வாதம் நியாயமானது; 2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடிப் பேசியதும் அதற்காக. ஆனால் அந்த மேடையில் யாரும் சோழிங்கநல்லூரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாநிலத்துக்குள்ளேயே ஒருவர் ஓட்டு இன்னொருவர் ஓட்டில் கால்பங்கு பெறும் என்பதை வைத்து டெல்லியோடு சண்டை போட முடியாது, அதனால் அதில் அரசியலும் இல்லை.

இந்தத் தொகுதிக்குள்தான் பனையூர். 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கிய விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத் தலைமையகம். வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்களிடம் ஓட்டு எங்கே என்று கேட்டேன். ஒருவன் அரியலூர், ஒருவன் திட்டக்குடி, ஒருவனுக்கு இன்னும் வயது வரவில்லை. "தளபதி எங்க நிக்கறாரோ அங்க மாத்திக்கலாமாண்ணே?" என்று கேட்டான் திட்டக்குடிக்காரன், விளையாட்டாகத்தான். அமெரிக்காவில் மூன்றாவது கட்சி என்பது அநேகமாகக் கனவு. இங்கே பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறார். தட்டவாவது கதவு இருக்கிறது என்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேளம்பாக்கம் போய், வண்டலூர் சாலையைப் பிடித்துக் கிளாம்பாக்கம் வந்தபோது மாலை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பேருந்து முனையம். கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்ட பஸ்களை இங்கே கொண்டுவந்ததற்கு முதலில் திட்டாதவர் இல்லை. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுகளில் இங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள், புறநகர்க்காரனுக்கு அரசியல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு ஓட்டுக்காக இரவெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்து, போட்டுவிட்டு அடுத்த இரவே திரும்பி, காலையில் ஷிஃப்டுக்குப் போனவர்கள் அவர்கள். வாக்கு சதவீதத்தில் அவர்கள் இருக்கிறார்கள், தென்காசியிலும் பெரம்பலூரிலும். இங்கே இல்லை.

இவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் ஒரு யோசனை வைத்திருந்தது. ஓர் இயந்திரத்தில் 72 தொகுதிகள்வரை வைத்து, இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடவைப்பது. 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எதிர்க்கட்சிகள் நம்பவில்லை, பேச்சு அத்தோடு அடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தபாலில் ஓட்டுப் போடலாம். சேலையூர்க்காரரின் மகள் அப்பாவைப் பார்க்க வந்திருக்கும்போதுகூடத் தன் மாநிலத்துக்கு ஓட்டுச் சீட்டை அனுப்ப முடியும். சாத்தான்குளத்து அண்ணாச்சி அறுநூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

தூணோரத்தில் ஒரு இளம் தம்பதி, மடியில் தூங்கும் குழந்தை, திருவாரூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் குடியிருப்பு. அந்தப் பெண்ணின் பையில் முகாமில் வாங்கிய, ஓட்டை இடம் மாற்றும் படிவம் 8 மடித்து வைத்திருந்தது. மூன்று வருடமாகத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கிறது, போய்க் கேட்டால் "உங்களுக்கு இங்க ஓட்டே இல்லையேம்மா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இங்கேயே மாற்றியாக வேண்டும் என்று அவள் பிடிவாதம். கணவனுக்கு மனசில்லை. அடுத்த தேர்தலில் அவன் சித்தப்பா ஊராட்சித் தலைவருக்கு நிற்கப்போகிறார்.

"அப்ப என்ன முடிவு பண்ணீங்க?"

"நான் இங்க, அவர் அங்க" என்றாள். "அவங்க சித்தப்பா ஜெயிச்சு எங்க தெருவுல வந்து தண்ணிய எறைக்கட்டும்."

அவன் பஸ் வருகிறதா என்று பார்க்க எழுந்து போனான்.